ஓர் அட்டைக்கு ஒரு லாரி

கனவில் நான் எப்போதும் இரண்டாவது கியரில்தான் போவேன். வெண்ணாற்றங்கரை மேலே மண் சாலை. ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் அப்போதுதான் நட்டு முடித்த வயல். நாற்றுகளுக்கு நடுவே தண்ணீரும் தண்ணீருக்குள் வானமும் இருக்கும். வண்டிக்குச் சத்தமே இருக்காது. நான் ஓட்டுகிறேனா, கரைதான் பின்னால் நகர்ந்துகொண்டிருக்கிறதா என்று தெரியாது. எதிரே யாரும் வருவதில்லை. கை நீட்டி யாரும் நிறுத்துவதும் இல்லை.

விழித்தால் இடது கால் எதையாவது அழுத்திக்கொண்டிருக்கும். பெரும்பாலும் பாய் நுனியை. ஒருமுறை அம்மாவின் தண்ணீர்ச் செம்பை. செம்பு உருண்டு சுவரில் மோதிய சத்தத்தில் அம்மா கண்ணைத் திறக்காமலே அப்பாவிடம் சொன்னார்: "பிள்ளை திரும்பவும் வண்டியில வெளிக்கிட்டிட்டாள்."

எங்கள் வீடு பத்தடிக்குப் பத்தடி. வலது காலும் ஓட்டத் தொடங்கினால் அப்பாவின் முதுகில்தான் பிரேக் பிடிக்க வேண்டியிருக்கும்.

நான் முகாமில் வளர்ந்தவள். ஒரத்தநாட்டுக்குத் தெற்கே, நெல் வயல்கள் முடிந்து முந்திரித் தோப்புகள் தொடங்கும் இடத்தில் அது இருக்கிறது. அப்பாவும் அம்மாவும் சிறு வயதில் இலங்கையிலிருந்து படகில் வந்தவர்கள். நான் தஞ்சாவூர் அரசு மருத்துவமனையில் பிறந்து ஏழாம் நாள் முகாமுக்கு வந்தேன். பிறந்தது இங்கே. ஆனாலும் இந்த நாட்டின் குடிமகள் இல்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. படிவம் நிரப்புகிறவர்களுக்கு உதவும் தகவலாகச் சொல்கிறேன்.

பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் படித்தேன். படிப்பு முடிந்ததும் நடவு மெஷினும் அறுப்பு மெஷினும் விற்றுப் பழுதும் பார்க்கும் கடையில் வேலை கிடைத்தது. முதலாளி கடற்கரையூர்க்காரர். பல வருடம் வளைகுடாவில் தண்ணீர் லாரி ஓட்டிவிட்டு வந்தவர். கடையில் எல்லோரும் அவரைப் பாய் என்றுதான் கூப்பிடுவோம். வயலில் மெஷின் நின்றுவிட்டால் எனக்குப் போன் வரும். கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுவேன். இறங்கும் இடத்தில் மெஷின்காரர் பைக்கோடு நிற்பார். பையில் என்னென்ன இருக்க வேண்டும் என்று மூடியின் உள்பக்கம் பட்டியல் ஒட்டியிருந்தேன்: ஸ்பேனர்கள், கிரீஸ் கன், இரண்டு அளவு பெல்ட், பேரிங், பழைய துணி, தண்ணீர், அப்புறம் முகாம் அட்டையின் நகல். கடைசிப் பொருள் எந்த மெஷினுக்கும் தேவைப்பட்டதில்லை. ஆனால் அது இல்லாமல் நான் பஸ் ஏறியதும் இல்லை.

பின்சீட்டில் உட்கார்ந்தே அந்தச் சாலைகளையெல்லாம் மனப்பாடம் செய்தேன். நன்னிலம் போகும் வழியில் சாலை எங்கே வாய்க்காலோடு சேர்ந்து வளைகிறது, திருவிடைமருதூரில் கோயில் மதிலை ஒட்டி எந்த இடத்தில் லாரி திரும்பாது, எந்த மதகின் மேல் தார் பெயர்ந்திருக்கிறது, எல்லாம் தெரியும். கியர் மாற்ற வேண்டிய இடங்களை மனதுக்குள் எண்ணிக்கொண்டே போவேன். முன்னால் உட்கார்ந்து ஓட்டுகிறவர் தவறான இடத்தில் மாற்றினால் எனக்குப் பல் கூசும்.

ஐப்பசி அடைமழையில் கடை சும்மா கிடந்த ஒரு நாள் பாய் என்னைக் கூப்பிட்டார். வாசலில் ஒரு சின்ன யானை நின்றது, அந்தக் குட்டிச் சரக்கு வண்டிதான். பழையது, ஆனால் புதிதாக நீலம் அடித்திருந்தார்.

"சர்வீஸ் வண்டி. வெல்டிங் செட்டு, ஜாக்கி, ஸ்பேரு எல்லாம் இதுலயே. வயலுக்கே போயி நிக்கணும். ஓட்டறவனே மெக்கானிக்கா இருக்கணும். ரெண்டு சம்பளம் நம்மளால முடியாதும்மா."

"நான் மெக்கானிக்தானே பாய்."

"லைசன்ஸ்?"

நான் வண்டியின் புது நீலத்தைப் பார்த்தேன்.

"பட்டுக்கோட்டையில ஒருத்தன் இருக்கான். ரெண்டும் தெரியும். தை மாசம் வர்றேங்குறான். அவன் வந்துட்டா உன்னை வச்சு நான் என்ன பண்றது, சொல்லு. பில்லு எழுதுறதுக்கா படிச்ச?" கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார், "தைக்குள்ள எடுத்துரு. வண்டி உனக்கு."

ஆக, தை வரைக்கும்தான். சம்பா அறுப்புக்கு முன்னால் உரிமம் வந்தால் எனக்கு வண்டி. வராவிட்டால் வேலையும் போய்விடும். அன்று மாலையே பட்டியல் போட்டேன்: ஆதார், வயதுச் சான்று, முகவரிச் சான்று, மருத்துவச் சான்று, புகைப்படம். எல்லாம் இருந்தது. விண்ணப்பத்தை நானே போனில் நிரப்பினேன். குடியுரிமை என்ற இடத்தில் மட்டும் விரல் நின்றது. 'பிறப்பால்' என்பதைத் தொட்டால் அடுத்த பக்கம் உடனே திறந்துகொள்ளும். நான் பிறந்தது தஞ்சாவூரில் என்பது பொய்யில்லை. ஆனால் அந்தப் பெட்டி கேட்பது அதை இல்லை என்றும் தெரியும். 'மற்றவை'யைத் தொட்டேன்.

வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கவுண்டரில் ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். என் தாள்களை வரிசைப்படி அடுக்கியிருந்ததைப் பார்த்து முதலில் சிரித்தார். ஆதாரைப் படித்ததும் சிரிப்பு நின்றது.

"இது கேம்ப் அட்ரஸ்தானேம்மா?"

"ஆமாங்க."

"உங்க தனி ஐ.டி. எங்க?"

எங்கள் குடும்ப அட்டையை நீட்டினேன். முகாமில் ஒரு குடும்பத்துக்கு ஓர் அட்டை. எங்கள் அட்டையில் அப்பாவும் அம்மாவும் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள். அப்பா கையில் எண் எழுதிய சிலேட்டு.

"இதுல நீங்க யாரு?"

"மடியில இருக்கறது."

படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். ஒன்பது மாதக் குழந்தை. வாயில் விரல். "கண்ணு அதே கண்ணுதான்," என்றார். "ஆனா கண்ணை வச்சு நான் லைசன்ஸ் குடுக்க முடியாதே." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "உங்க ஆளுங்களுக்குக் குடுக்கக் கூடாதுன்னும் எங்கயும் எழுதல. இப்படிக் குடுன்னும் எழுதல. ஒவ்வொரு ஆபீஸ்லயும் ஒவ்வொரு மாதிரி செய்றாங்க. உங்க பேர்ல தனி அட்டையும் தாசில்தார் லெட்டரும் கொண்டாங்க, நான் சார்கிட்ட வச்சுப் பாக்குறேன்."

நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்து பட்டியலில் இரண்டு வரிகள் சேர்த்தேன்.

முகாமுக்குப் பொறுப்பான வருவாய் ஆய்வாளர் மாதம் ஒருமுறை கணக்கெடுக்க வருவார். வரிசையில் நின்று பெயருக்குக் கை தூக்குவோம். அந்த மாதம் கை தூக்கிய பிறகும் நான் அவர் மேசையருகே நின்றேன். விஷயத்தைச் சொன்னேன்.

"பதினெட்டு முடிஞ்சவங்களுக்கு போட்டோ எடுத்தமே, அன்னிக்கு நீ எங்கம்மா போன?"

"செமஸ்டர் பரீட்சை சார். தஞ்சாவூர்ல இருந்தேன்."

"வராதவங்களுக்கு மறுநாளும் எடுத்தமே." பெரிய பதிவேட்டைப் புரட்டினார். விரல் ஒரு வரியில் நின்றது. ஏட்டைத் திருப்பி என் பக்கம் வைத்தார். 'மகளுக்குத் தனி அட்டை வேண்டாம். திருமணத்திற்குப் பின் பார்த்துக்கொள்ளலாம்.' கீழே கையெழுத்து. சாய்ந்து போகும் அந்த எழுத்து எனக்குத் தெரியும். வீட்டுக்கதவில் எங்கள் எண்ணை நீல எனாமலில் எழுதியிருப்பதும் அதே கைதான்.

எங்கள் முகாமில் பெண் பிள்ளைகளுக்குக் கல்யாணத்தோடுதான் தனி அட்டை வாங்குவது வழக்கம். அதனால் அந்த வரி யாருக்கும் விசித்திரமாகப் பட்டிருக்காது. தனி அட்டை இல்லாதது இத்தனை வருடம் எனக்கும் உறுத்தவில்லை.

அப்பா பெயிண்டர். முகாமில் பாதி ஆண்களுக்கு அதுதான் வேலை. டெல்டா முழுக்க எத்தனை வீடுகளுக்கு நிறம் கொடுத்தார் என்று அவருக்கே தெரியாது. அன்று அவர் வேலை முடிந்து வந்து, வாசலில் மண்ணெண்ணெய் நனைத்த துணியால் விரல்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். வெளியே நான் பேசும் தமிழ் வேறு, வீட்டில் பேசும் தமிழ் வேறு. வீட்டுத் தமிழில்தான் கேட்டேன்.

"ஏனப்பா அப்பிடி எழுதிக் குடுத்தனீங்கள்?"

அவர் துடைப்பதை நிறுத்தவில்லை.

"கரையில இறங்கின அண்டைக்கு எல்லாருக்கும் அட்டை எழுதினவங்கள். எனக்கும் அம்மா அப்பாவுக்கும் ஒண்டு. அண்ணன் அப்பதான் கலியாணம் முடிச்சவன், அவைக்கு வேற. அடுத்த நாள் லாரி வந்தது. அட்டையைப் பார்த்துப் பார்த்து வாசிச்சாங்கள். அண்ணன்ர அட்டையை வேற லாரிக்கு வாசிச்சாங்கள்." நகக்கண்ணில் ஒட்டிய வெள்ளையை உற்றுப் பார்த்தார். "அவன் கையைக் காட்டினவன். நானும் காட்டினன். அண்டைக்கே பின்னேரம் சந்திப்பம் எண்டு நினைச்சன்."

பெரியப்பாவின் முகாம் வடக்கே, ஒரு நாள் பயணத் தூரத்தில் இருக்கிறது. அப்பா அவரைப் பிறகு பார்த்தது மூன்று முறை. இரண்டு சாவு, ஒரு கல்யாணம்.

"நாளைக்குத் திரும்பிப் போகச் சொல்லுவாங்களோ, இஞ்சயே இருக்கச் சொல்லுவாங்களோ, ஆருக்குத் தெரியும்? எதெண்டாலும் அட்டையைப் பார்த்துத்தான் வாசிப்பாங்கள். ஒரு அட்டைக்கு ஒரு லாரி, பிள்ளை. நீ எங்கட அட்டையில இருந்தாய் எண்டா எங்களோடதான் ஏறுவாய்."

"நான் எங்க அப்பா போகப் போறன்? நன்னிலத்துக்குப் போயிட்டுப் பின்னேரம் வந்திடுவன்."

"அவனும் பின்னேரம் எண்டுதான்..." என்றவர் அடுத்த விரலைத் துடைக்கத் தொடங்கினார்.

உள்ளே போய் ஒரு தாளில் அப்பாவின் பயத்துக்கு எதிரான காரணங்களை எழுதினேன். நான்கு வந்தன. நான்கும் உண்மை. ஒன்றையும் அவரிடம் சொல்ல முடியாது என்று எழுதி முடித்ததும் தெரிந்தது. தாளை மடித்துக் கருவிப் பையில் பேரிங்குகளுக்கு அடியில் வைத்தேன்.

கார்த்திகை போய்க்கொண்டிருந்தது. பயிரில் கதிர் தொண்டைக்கு வந்து, எட்டிப் பார்த்து, பால் பிடித்தது. பாய் தினமும் வண்டியைத் துடைக்கச் சொல்வார். துடைப்பேன். ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து கண்ணாடியை உள்ளிருந்து துடைக்கும்போது மட்டும் கொஞ்சம் தாமதிப்பேன். தெருவில் மழை பெய்யும். கண்ணாடியில் வழியும் தண்ணீரில் எதிர்க் கடைகள் கரைந்து மெதுவாக ஓடும். அது கனவின் வேகம்தான், இரண்டாவது கியர்.

"ஏம்மா, தாசில்தார் என்ன சொல்றாரு?" என்று பாய் வெளியிலிருந்து கேட்டார்.

"அப்பாகிட்ட நிக்குது பாய்."

"அப்பாகிட்டயா? சரியாப் போச்சு. தாசில்தார்னா மனு குடுக்கலாம். அப்பாவுக்கு எங்க போயி மனு குடுக்குறது?" வண்டிக் கதவில் சாய்ந்துகொண்டார். "இங்க பாரு, நெல்லுக்கு இதெல்லாம் தெரியாது. முத்துனா தலையைச் சாய்ச்சுரும். உங்க அப்பாவுக்காக ஒரு வாரம் நிமுந்து நில்லுன்னு அதுகிட்ட சொல்ல முடியுமா?"

அப்பாவிடம் மறுபடி நான் கேட்கவில்லை. வேலைக்குப் போனேன், வந்தேன். இராத்திரியில் கால் எதையும் அழுத்தவில்லை. கனவும் வரவில்லை. ஒருநாள் காலையில் அம்மா தேநீரைக் கொடுத்துக்கொண்டே அப்பாவிடம் சொன்னார், "நாலு நாளா இவள் அசையாமல் படுக்கிறாள். எனக்குப் பயமாக் கிடக்கு."

அப்பா தேநீரைக் குடித்து முடித்தார். பெயிண்ட் படாத சட்டையை எடுத்துப் போட்டார். அவரிடம் அப்படி ஒன்றுதான் உண்டு. குடும்ப அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "வா பிள்ளை," என்றார்.

தாலுகா அலுவலகத்தில் வருவாய் ஆய்வாளரின் மேசையைச் சுற்றி நிலத்துக்காக வந்தவர்கள் நின்றார்கள். பட்டா, உட்பிரிவு, எல்லைக்கல் என்று பேச்சு. எங்கள் முறை வந்ததும் அப்பா உட்காராமலே கேட்டார்:

"ஐயா, இவளுக்குத் தனி அட்டை போட்டா எங்கட நம்பர் மாறுமோ?"

"மாறாதுங்க. உங்க நம்பருக்குக் கீழயே உட்பிரிவு போடுவோம். வயலுக்குப் போடுறது மாதிரிதான். நூத்திப் பன்னெண்டுல ஒண்ணு, நூத்திப் பன்னெண்டுல ரெண்டுன்னு. காயிதத்துலதான் ரெண்டு. வயல் எங்கயாச்சும் எந்திரிச்சு ஓடிருதா? தண்ணி அதே வாய்க்கால்லதான் வருது."

பின்னால் நின்ற விவசாயி ஒருவர், "தண்ணி வந்தா சரி," என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை.

"வேற லாரியில ஏத்த மாட்டியளே?"

ஆய்வாளருக்குப் புரியவில்லை. என்னைப் பார்த்தார். நான் சுருக்கமாகச் சொன்னேன்: கரை, இரண்டு அட்டை, இரண்டு லாரி. அவர் பேனாவை மூடி வைத்தார். ஆறுதலாக எதையோ சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

"லாரி என் கையில இல்லீங்கய்யா," என்றார். "அதை நான் சத்தியம் பண்ண முடியாது. நம்பர்தான் என் கையில இருக்கு. உங்க நம்பருக்குப் பக்கத்துலயே எழுதுறேன். வாசிக்கிறவன் ரெண்டையும் சேத்துத்தான் வாசிக்கணும்."

அப்பா பதிவேட்டில் எங்கள் எண்ணுக்குப் பக்கத்து இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு, "எழுதுங்கோ," என்றார். பழைய வரியின் மேல் ஒரு கோடு. பக்கத்தில் அதே சாய்ந்த கையெழுத்து.

என்னையும் சிலேட்டோடு படம் எடுத்தார்கள். எண்ணைச் சாக்கட்டியால் எழுதியது அப்பாதான். அங்கே இருந்த ஆளின் எழுத்து நேராக இல்லை என்று வாங்கி எழுதினார். தாசில்தாரின் கடிதம் பல நடைகளுக்குப் பிறகு வந்தது. போக்குவரத்து அலுவலகத்து அம்மா புதிய படத்தைப் பார்த்து, "வாயில விரல் இல்ல, பரவால்ல," என்றார். உள்ளே போய் வெகுநேரம் கழித்து முத்திரையோடு வந்தார். மார்கழி முடியும்போது எல்.எல்.ஆர். கைக்கு வந்தது. உரிமம் இல்லை, பழகுவதற்கான அனுமதி. ஒரு மாதம் கழித்துத்தான் தேர்வு.

தை பிறந்துவிட்டது. பட்டுக்கோட்டைக்காரர் போன் செய்தபோது நானும் கடையில்தான் இருந்தேன். பாய் என்னைப் பார்த்துக்கொண்டே பேசினார்: "தம்பி, இப்ப வேணாம். இங்க ஒரு எல் போர்டு ஓடிக்கிட்டிருக்கு."

பழகுகிறவர் பக்கத்தில் உரிமம் உள்ளவர் இருக்க வேண்டும். அந்த அறுப்பு முழுக்கப் பாயே என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். புலம்பல் ஓயவில்லை. "முதலாளி கிளீனரா வர்ற கம்பெனி உலகத்துலயே இது ஒண்ணுதான். அந்த வளைகுடா ஊருல ஆறு தடவை பெயிலானேன் நான். ஆறாவது தடவை அந்த ஆபீசரே எனக்கு முதல்ல சலாம் சொல்லிட்டுத்தான் பெயில் போட்டான். நீயும் ஒரு மூணு தடவையாவது பெயிலாவு. எனக்குத் துணையா இருக்கும்."

தேர்வுக்கு 'எச்' வடிவத்தில் முன்னும் பின்னுமாக ஓட்டிக் காட்ட வேண்டும். முகாமுக்குப் பக்கத்தில் நெல் காயவைக்கும் சிமெண்டுக் களம் ஒன்று உண்டு. ஞாயிற்றுக்கிழமை அறுத்த நெல்லெல்லாம் போன பிறகு, அப்பா சுண்ணாம்பு வாளியோடும் நூலோடும் அங்கே வந்தார். அளவு நான் சொல்ல, நூல் பிடித்து, குனிந்து கோடு போட்டார். ஒரு கோடும் நடுங்கவில்லை. பாய் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, "மார்கழி முடிஞ்சப்பறம் கோலம் போடுறது உங்க அப்பாதான்," என்றார். அந்தக் கோடுகளுக்குள் அன்று பொழுது சாயும்வரை பின்னால் போய்க்கொண்டிருந்தேன். கண்ணாடியில் அப்பா சின்னதாக, வாளியோடு, எப்போதும் தெரிகிற இடத்தில் நின்றார்.

முதல் முறையே தேறிவிட்டேன். பாய் இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை.

உரிமம் தபாலில் வந்தது மாசியில். அந்த வாரமே நன்னிலம் பக்கத்தில் இரண்டாம் போகத் தாளடி நெல் அறுத்துக்கொண்டிருந்த மெஷின் ஒன்று நின்றுபோனது. விடிவதற்குள் கிளம்ப வேண்டும். முகாம் வாசலில் வண்டியை எடுக்கும்போது அப்பா பெயிண்ட் வாளியோடு வந்து முன்கதவைத் திறந்தார்.

"எனக்கும் அந்தப் பக்கம் ஒரு வேலை கிடக்கு."

வேலை இல்லை என்று எனக்குத் தெரியும். வாளி காலி. "ஏறுங்கோ," என்றேன்.

மன்னார்குடி தாண்டியதும் பனி. விளக்கைப் போட்டால் வெளிச்சம் பத்தடியில் பஞ்சாக நின்றுவிடுகிறது. சாலை எங்கே முடிந்து வயல் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. அறுத்த தாள் வாசனை மட்டும் கூடவே வந்தது. வேகத்தைக் குறைத்து இரண்டாவது கியருக்கு வந்தேன். இந்தச் சாலை எனக்கு வெகுநாளாகத் தெரியும் என்று தோன்றியது. கரைதான் பின்னால் நகர்ந்துகொண்டிருந்தது.

திடீரென்று பனிக்குள்ளிருந்து ஒரு கை நீண்டது. அதன் பின்னால் ஒரு காவலர்.

நிறுத்தினேன். கனவில் இது வந்ததே இல்லை. பக்கத்தில் அப்பாவின் கை சட்டைப்பைக்குப் போவது தெரிந்தது. வருடக்கணக்காக அந்தக் கை அப்படித்தான் போகும், காவலர்கள் கேட்கும் முன்பே. அட்டையைப் பாதி வெளியே எடுத்துவிட்டார்.

"லைசன்ஸ்?"

கொடுத்தேன். அவர் டார்ச் அடித்துப் படித்தார். முகவரி வரியில் வெளிச்சம் கொஞ்சம் நின்றது போலிருந்தது. நான் அப்படி நினைத்துக்கொண்டதாகவும் இருக்கலாம். பிறகு வண்டியைச் சுற்றிப் பின்பக்கம் போனார். அப்பா அட்டையை நீட்டத் தயாராக, முழங்காலின் மேல் பிடித்திருந்தார். காவலர் திரும்பி வந்து உரிமத்தை என்னிடம் கொடுத்தார்.

"பின்னாடி லைட்டு ஒண்ணு எரியலம்மா. பனியில வர்றவன் வந்து ஏத்திருவான். போனதும் மாத்திருங்க."

அவ்வளவுதான். கை பனிக்குள் போய்விட்டது.

வண்டியை எடுத்தேன். கிளம்பும் முன் பதினேழு விஷயங்கள் சரிபார்த்திருந்தேன். பின்விளக்கு அதில் இல்லை. காது சூடாகிவிட்டது. அப்பா என்னைப் பார்த்தார், சாலையைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார்.

"என்ர பிள்ளை பெரிய மெக்கானிக்," என்றார். வயிறு குலுங்கிச் சிரிக்கத் தொடங்கினார்.

அட்டை இன்னும் அவர் முழங்கால் மேலேயே இருந்தது. நன்னிலம் வந்து இறங்கும்போதுதான் அவர் அதைக் கவனித்து எடுத்துப் பையில் வைத்தார்.